பழைய சதுரத் திரையா, புதிய அகலத் திரையா? கணினி கேள்வி பதில்

பதில் தருபவர் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்.

கேள்வி: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. பயிற்சித் தாள், சோதனைத் தாள் எல்லாவற்றையும் வீட்டில் 14 அங்குல மடிக்கணினியில்தான் தட்டச்சு செய்கிறேன். இரவில் கழுத்தும் தோளும் வலி பின்னி எடுக்கிறது. என் கணவர் வேலை செய்யும் செம்பனை ஆலை அலுவலகத்தில் பழைய 19 அங்குலச் சதுர மானிட்டர்களைக் கழிக்கிறார்கள். 50 ரிங்கிட்டுக்குத் தருவார்களாம். ஈப்போ கடையில் புதிய 24 அங்குலம் 379 ரிங்கிட். கடைக்காரர், "இன்னும் 120 ரிங்கிட் போடுங்கள், 27 அங்குலத்தில் வளைந்த திரையே கிடைக்கும்" என்கிறார். மகள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். எதை வாங்குவது? இல்லை, வாங்காமலேயே சமாளிக்கலாமா?
ஆசிரியை, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: வாங்குங்கள், டீச்சர். 24 அங்குலத்தையே வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் கழுத்து வலி. மடிக்கணினியில் திரையும் தட்டச்சுப் பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிய வேண்டும். தலைக்கு வசதியாகத் தூக்கி வைத்தால் தோளை உயர்த்த வேண்டும். எப்படி வைத்தாலும் உடம்பில் ஏதோ ஒன்று கஷ்டப்படும். இதைப் பிரித்துவிட்டாலே பாதி வலி போய்விடும். ஆகவே, வாங்காமல் சமாளிக்க முடியுமா என்றால் ஓரளவுக்கு முடியும். நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மடிக்கணினியை வையுங்கள். தனியாக ஒரு தட்டச்சுப் பலகையும் மௌசும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கே அதைச் செய்துவிடலாம். மானிட்டர் வாங்கினாலும் அந்த இரண்டும் வீணாகாது.

ஆனால் கழுத்துக்கு அது போதுமே தவிர, உங்கள் வேலைக்குப் போதாது. ஓர் ஏ4 தாளை எடுத்து மடிக்கணினித் திரைமேல் நிறுத்திப் பாருங்கள். தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். 14 அங்குல அகலத் திரையின் உயரம் 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தாளில் கிட்டத்தட்ட பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கேள்வி ஒன்று திரையில் இருக்கும்போது அதற்கான படமோ விடைக் கோடுகளோ கீழே மறைந்து கிடக்கும். மேலே தள்ளி, கீழே தள்ளியே உங்கள் நேரம் போகிறது. முழுப் பக்கத்தையும் காட்டச் சொன்னால் எழுத்து கடுகாகிவிடும்.

இப்போது அதே தாளை 24 அங்குலத் திரையில் நினைத்துப் பாருங்கள். அதன் உயரம் ஏறக்குறைய 29.6 சென்டிமீட்டர், அதாவது தாளின் உயரமேதான். அகலம் 52 சென்டிமீட்டருக்கு மேல். தாளின் அகலம் 21. இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகும் இடம் மிஞ்சும். மேலே மெனுப் பட்டைகளுக்குக் கொஞ்சம் உயரம் போய்விடும் என்பதால் பக்கத்தைச் சற்றே சுருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இடது பக்கம் பாடநூல், வலது பக்கம் உங்கள் கேள்வித்தாள் என்று வைத்து வேலை பார்க்கலாம். மானிட்டரை அங்குலத்தால் அளக்காதீர்கள்; நீங்கள் அன்றாடம் பார்க்கும் தாளால் அளந்து பாருங்கள் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆலையின் 19 அங்குலமும் ஏமாற்றவில்லை. சதுரத் திரை என்பதால் அதன் உயரம் 30 சென்டிமீட்டர். 24 அங்குலத்துக்குச் சமம்! அகலம்தான் குறைவு, சுமார் 37 சென்டிமீட்டர். ஒரு பக்கம் தாராளமாகத் தெரியும், இரண்டாவது தெரியாது. ஆகவே அது மட்டமான திரை என்று நான் சொல்லமாட்டேன். பள்ளி திறக்கும் செலவு, மகளின் டியூஷன் செலவு என்று இந்த மாதம் கை கடிக்கிறது என்றால் அந்த 50 ரிங்கிட் திரையே உங்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு உங்கள் கணவர் தூக்கி வரட்டும்.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும். பழைய திரைகளுக்குள் வெளிச்சம் தருவது மெல்லிய குழல்விளக்கு. அது வயதாக ஆக மங்கும். வெள்ளைப் பக்கம் மஞ்சளடிக்கும், சிலவற்றில் முதலில் போட்டதும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அரைமணி நேரம் போட்டு வைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது இணைப்பு. அந்தக் காலத்து மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருக்கும், சிலவற்றில் வெள்ளை நிற டி.வி.ஐ. துளையும் இருக்கும். உங்கள் மடிக்கணினியில் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருக்கும். டி.வி.ஐ. இருந்தால் சாதாரண எச்.டி.எம்.ஐ.-டி.வி.ஐ. கேபிள் ஒன்று போதும், இரண்டும் ஒரே வகைச் சமிக்ஞைதான். வி.ஜி.ஏ. மட்டும் என்றால் நடுவில் ஒரு மாற்றி வேண்டும், எழுத்தும் கொஞ்சம் மங்கலாகலாம். மூன்றாவது, உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றும், பக்கத்தில் நகர்ந்தும் பாருங்கள். நிறம் மாறிப்போகிறதா? பழைய மலிவுத் திரைகளில் அப்படித்தான் இருக்கும். நீங்கள் மட்டும் நேரே உட்கார்ந்து தட்டச்சு செய்ய அது தடையில்லை. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள் என்றால் தொந்தரவுதான்.

27 அங்குலத்துக்கு வருவோம். இதில்தான் கடைக்காரரோடு நான் ஒத்துப்போகவில்லை. 379 ரிங்கிட் திரையிலும் 499 ரிங்கிட் திரையிலும் படத்தைக் காட்டும் புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றேதான்: குறுக்கே 1920, நெடுக்கே 1080. அதே புள்ளிகளைப் பெரிய பரப்பில் விரித்துவிட்டால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். 27 அங்குலத்தில் 82 மட்டுமே. படம் பார்க்க இது பெரிய வித்தியாசமில்லை. தமிழ் எழுத்துக்கு வித்தியாசம்தான். நம் எழுத்து முழுக்க வளைவும் சுழியும். ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி, சிறிய எழுத்தில் திரையின் ஒரே ஒரு புள்ளியில்தான் நிற்கும். இவை தெளிவாகத் தெரியாமல் போனால் ஒற்றுப்பிழையோடு தாள் அச்சாகிப் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். ஏழு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துத்தான் எழுதக் கற்றுக்கொள்கிறது. ஆகவே உங்கள் தொழிலில் எழுத்துத் தெளிவு ஆடம்பரம் இல்லை, டீச்சர். 27 அங்குலம்தான் வேண்டும் என்று பின்னால் தோன்றினால் குறுக்கே 2560, நெடுக்கே 1440 புள்ளிகள் உள்ளதைக் கேளுங்கள். விலை இன்னும் ஏறும். வளைந்த திரை விளையாடுகிறவர்களுக்கு. அட்டவணை போடுகிறவர்களுக்கு நேர்க்கோடு நேராகத் தெரிவதுதான் முக்கியம்.

கடையில் 24 அங்குலத்தை எடுக்கும்போது அட்டைப்பெட்டியில் ஐ.பி.எஸ். என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாத வகை அது. "75 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ், 180 ஹெர்ட்ஸ்" என்று சொல்வார்கள். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு அது. உங்களுக்கு 60 இருந்தாலே போதும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். திரையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தாங்கி இருந்தால் அதற்கு வேண்டுமானால் கொடுங்கள். மலிவு மாடல்களில் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும். அப்போது பழைய தொலைபேசி அட்டவணைப் புத்தகம் இருந்தால் அடியில் வைத்துக்கொள்ளலாம். பெட்டியைத் திறந்து, போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் போட்டு ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கெட்டுப்போன புள்ளிக்கு மாற்றித் தருவார்களா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, பிளக். மூன்று கால் உள்ள, சிரிம் தர முத்திரை போட்ட பிளக்காக இருக்கட்டும். இரண்டு கால் பிளக்கைச் சொருக, மேல் துளையில் பேனாவைக் குத்தி, மற்றத் துளைகளை மூடியிருக்கும் சிறு கதவைத் திறக்கிற பழக்கம் நம் வீடுகளில் ரொம்ப சாதாரணமாகிவிட்டது. தயவுசெய்து அதைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்யாதீர்கள், செய்யவே வேண்டாம். மழைக்கு முன் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கை உருவுங்கள். இணையப் பெட்டியிலிருந்து கணினிக்கு வரும் கம்பியையும் கழற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடியில் அடிபட்ட சாமான்கள்தான் என் மேசையில் அதிகம். அவற்றில் பல, மின்சாரக் கம்பி வழியாக இல்லாமல் இணையக் கம்பி வழியாக அடி வாங்கியவை.

வீட்டில் வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற தூரம். திரையின் மேல் ஓரம் கண் மட்டத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ. நாற்பத்தேழு வயது என்கிறீர்கள், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீழ்ப்பாதியில் படிக்கிற கண்ணாடி என்றால் திரையை இன்னும் தாழ்த்துங்கள். இல்லையென்றால் அந்தக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்து அண்ணாந்து, புதிய திரையும் பழைய கழுத்து வலியுமாகிவிடும். கடையில் "நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி" ஒன்றையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். வேண்டாம். திரை வெளிச்சத்தால் கண் கெடும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமே சொல்கிறது. கண் எரிவது பெரும்பாலும் இமைக்க மறந்து உற்றுப் பார்ப்பதால்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வந்து தூரத்து மரத்தைப் பாருங்கள்.

மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த அளவுத் திரை சுமார் 20 வாட் எடுக்கும். தினமும் ஆறு மணி நேரம் போட்டாலும் மாதம் நான்கு யூனிட்டைத் தாண்டாது.

கேள்வி: எங்கள் வீட்டு 32 அங்குல டிவி சும்மாதான் கிடக்கிறது. படிவம் 4 படிக்கும் மகன் அதையே கணினித் திரையாகப் போட்டுக்கொள்கிறேன் என்கிறான். செய்யலாமா?
இல்லத்தரசி, சுங்காய்

பதில்: பாடக் காணொளி பார்ப்பதற்குத் தாராளமாகச் செய்யலாம், அம்மா. எழுதுவதற்கு வேண்டாம். 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் கொண்டவை. கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 49 புள்ளிகள்தான். நாற்காலியில் சாய்ந்து எட்ட இருந்து பார்க்கும்போது அது தெரியாது. மேசையில் வைத்துக் கிட்டத்தில் உட்கார்ந்தால் எழுத்து பல் பல்லாகத் தெரியும். பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிப்பான். ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிவியின் படஅளவு அமைப்பில் முழுத் திரை காட்டும் தேர்வைப் போடச் சொல்லுங்கள். கூர்மை அளவையும் குறைக்கச் சொல்லுங்கள், எழுத்தைச் சுற்றித் தெரிகிற வெள்ளை நிழல் போய்விடும். கட்டுரை எழுதும் நேரம் மடிக்கணினியிலேயே எழுதட்டும்.

கேள்வி: நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். 2003-இல் வாங்கிய 17 அங்குலப் பெட்டி மானிட்டர் இன்றும் எரிகிறது. தட்டைத் திரை வாங்கிக் கொடுத்துவிட்டார் மகன். பழைய இரும்பு வாங்க வருபவர் இதைக் கேட்கிறார். பேரனோ திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறான்.
முன்னாள் கிராணி, தாப்பா

பதில்: ஐயா, பேரனிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் போகும். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். தெரியாமல் கையை வைத்தால் தூக்கி எறியும். குழாய் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம் வேறு. உடைந்தால் கண்ணாடி தெறிக்கும். பழுதுபார்க்கிறவர்களே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடுகிற பொருள் அது.

பழைய இரும்புக்காரருக்கும் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது அந்தக் குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி மட்டும். அதை எடுக்கக் குழாயின் கழுத்தை உடைப்பார்கள், மிச்சத்தைச் செம்பனைக் காட்டோரம் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. மழை பெய்து ஓடுகிற ஓடைக்குப் பக்கத்தில் அது கிடக்கக் கூடாது. நம் நாட்டில் மின்னணுக் கழிவு, 2005-ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் வருகிறது. உங்கள் வட்டாரத்தில் அதை யார் முறைப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று சுற்றுச்சூழல் துறையிலோ நகராண்மைக் கழகத்திலோ கேளுங்கள்.

தூக்கிப் போட மனம் வரவில்லை, இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்றாலும் தப்பில்லை. 60 ஹெர்ட்ஸில் ஓட விடாதீர்கள், கண் முன்னால் சிமிட்டும். 75 அல்லது 85-க்கு மாற்றி வையுங்கள். மின்சாரம் மட்டும் தட்டைத் திரையைவிட மூன்று நான்கு மடங்கு எடுக்கும்.

கேள்வி: இணையத்தில் ஒரு கடையில் மானிட்டர் வாங்கினேன். நடுவில் ஒரு பச்சைப் புள்ளி அசையாமல் நிற்கிறது. விளம்பரத்தில் "ஒரு புள்ளிகூடப் பழுதிருக்காது" என்று போட்டிருந்தார்கள். இப்போது மாற்றித் தர மறுக்கிறார்கள். இன்னொரு கறுப்புப் புள்ளி இருக்கிறது, அது நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை!
இளைஞர், பாகான் செராய்

பதில்: தம்பி, பச்சைப் புள்ளி திரையின் பழுது. ஒன்றிரண்டு புள்ளி இருந்தால் மாற்றித் தருவதில்லை என்பது பல நிறுவனங்களின் பொதுவான விதி. ஆனால் விளம்பரத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால் நிலைமை வேறு. அந்த விளம்பரம் மாறுவதற்குள் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ரசீதையும் உரையாடலையும் சேர்த்து வையுங்கள். எழுத்து மூலமாக ஒருமுறை கேளுங்கள். மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வீட்டுக்கு வாங்கிய பொருளாக இருக்க வேண்டும், வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது.

இடம் மாறுகிற கறுப்புப் புள்ளி எறும்பு. சின்னஞ்சிறு எறும்புகள் வெளிச்சத்தையும் சூட்டையும் தேடி ஓரத்து இடுக்கு வழியாகப் படலங்களுக்கு நடுவே போய்விடும். விரலால் மட்டும் அழுத்திவிடாதீர்கள். செத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது நிரந்தரக் கறை. திரையை அணைத்துவிட்டு, இருட்டில் அதன் ஓரமாக ஒரு மேசை விளக்கைப் போட்டு வையுங்கள். வெளிச்சத்தை நோக்கி அதுவே வந்துவிடும். பிஸ்கட் தட்டையும் மைலோ குவளையையும் அந்த மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.